அழுத்தினால் குணம் மாறும் படிகங்கள்

நுண்துளைப் படிகங்களை உருவாக்கிய சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஒமர் யாகி மூவருக்கும் 2025இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்தால், உள்ளே அறை அறையாக வெற்றிடம் கொண்ட சட்டகம் உருவாகும். வாயுக்களைச் சேமிக்கவும் பாலைவனக் காற்றிலிருந்து நீரெடுக்கவும் இவை பயன்படுகின்றன. இவற்றை இழுத்தோ அழுத்தியோ புதிய குவாண்டம் நிலைகளை வரவழைக்கலாமா என்று இயற்பியலாளர்கள் இப்போது தேடுகிறார்கள்.

ஏன் மாறுகிறது?

கயிற்றுக் கட்டிலின் மூலையை இழுத்தால் கயிறு அதேதான், கண்ணிகள் கோணிவிடும். படிகத்திலும் அணுக்கள் மாறுவதில்லை. அவற்றின் இடைவெளியும் கோணமும் மாறுகின்றன. எலக்ட்ரான்களுக்கு எந்தெந்த ஆற்றல் வாய்க்கும் என்பது அந்த இடைவெளியைப் பொறுத்தது. மின்கடத்தாப் பொருளில் நிரம்பிய ஆற்றல் பட்டைக்கும் காலிப் பட்டைக்கும் நடுவே இடைவெளி உண்டு. கனமான அணுக்கள் கொண்ட சில பொருள்களை அழுத்தினால் அந்த ஆற்றல் இடைவெளி மூடி, பட்டைகள் இடம்மாறி, மறுபடி திறக்கும். அப்போது உட்புறம் மின்சாரத்தைத் தடுக்கும், மேற்பரப்பு கடத்தும்; இது அத்தகைய ஒரு புதிய குவாண்டம் நிலை. பெங்களூருவில் இயற்பியலாளர்கள் அஜய் சூட், உமேஷ் வாக்மாரே குழுவினர், ஆண்டிமணி செலினைடில் உயர் அழுத்தத்தில் இம்மாற்றத்தின் அடையாளங்களைக் கண்டதாக 2013இல் அறிவித்தனர்.

விழுப்புரம் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே ஓர் ஆய்வு

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போய், கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் கல்பாக்கம். அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் டி.ஆர். ரவீந்திரன், அகிலேஷ் அரோரா ஆகியோர், உள்ளே வெற்றிடமுள்ள சட்டகம் கொண்ட சிர்க்கோனியம் டங்ஸ்டேட்டை அழுத்திப் பார்த்த ஆய்வு 2000இல் வெளியானது. சூடாக்கினால் சுருங்கும் பொருள் இது. சட்டகத்துக்குள் அணுக்கள் ஆட இடமிருப்பதே காரணம்.

இத்தகைய சோதனையில் இரு வைர முனைகளுக்கு நடுவே, உலோகத் தகட்டின் நுண்ணிய துளையில் மாதிரியை வைப்பார்கள். கூடவே ஒரு மாணிக்கத் துணுக்கு. லேசர் பட்டு அது உமிழும் சிவப்பொளியின் நிறமாற்றமே அழுத்தமானி. அணுக்களின் அதிர்வை ராமன் ஒளிச்சிதறல் காட்டிக்கொடுக்கும். சிர்க்கோனியம் டங்ஸ்டேட் சுமார் 3,000 வளிமண்டல அழுத்தத்திலேயே உருமாறிவிடும். இது அமைப்பு மாற்றம்தான், எலக்ட்ரான் நிலை மாற்றமல்ல. ஆனாலும் உள்ளே வெற்றிடமுள்ள சட்டகம் எவ்வளவு எளிதில் வளையும் என்பது இதிலேயே தெரிகிறது.

எது தடை?

அழுத்தம் அளவு மீறினால் சட்டகம் நொறுங்கிவிடும். நுண்துளைப் படிகங்களில் பெரும்பாலானவை மின்சாரத்தைக் கடத்துவதுமில்லை. அதனால் இவற்றின் குவாண்டம் நிலைகள் பலவும் இன்னும் கணினிக் கணக்கில்தான் இருக்கின்றன. கணக்கைச் சோதித்துப் பார்க்கும் கைகள் வேண்டும். கோலியனூரிலும் விழுப்புரத்திலும் இயற்பியல், வேதியியல் படிக்கும் மாணவர்கள் இந்தத் துறைக்கு வர வேண்டும்.