பறவைக் கூண்டு உள்ள அறைக்கு ஏர் பியூரிபையர்

கம்ப்யூட்டர் இருக்கும் அறையிலேயே லவ் பேர்ட்ஸ் கூண்டும் இருக்கிறதா? இறகுத் தூசி சிபியு ஃபேனில் படியும். உங்களுக்குத் தும்மலும் வரும். ஏர் பியூரிபையர் வாங்கலாம். ஆனால் அட்டைப் பெட்டியில் உள்ளதைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

பறவையின் நுரையீரலில் மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக் காற்று ஓடுகிறது. எனவே காற்றில் கலந்த நஞ்சு நம்மைவிட விரைவாக அதைத் தாக்கும். பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் 1980கள் வரை கானரிப் பறவைகளை வைத்திருந்தது இதனால்தான்.

ஓசோன் வெளியிடும் மாடல்களை அறவே தவிர்த்துவிடுங்கள். ‘அயனைசர்’, ‘பிளாஸ்மா’ வசதிகளிலும் ஓசோன் உண்டாகலாம். அவற்றைத் தனியே ஆஃப் செய்ய முடியாவிட்டால் வாங்க வேண்டாம். ஹீட்டர் சேர்ந்ததும் வேண்டாம். உள்ளே நான்ஸ்டிக் வகைப் பூச்சு இருந்து, அது அளவுக்கு மீறிச் சூடானால், வரும் புகை பறவையைக் கொன்றுவிடும்.

நீங்கள் கேட்க வேண்டியது ‘ட்ரூ ஹெப்பா’ ஃபில்டர். 0.3 மைக்ரான் தூசியிலும் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். நாற்றத்திற்குக் கார்பன் ஃபில்டர். அடுத்து சி.ஏ.டி.ஆர். அளவைப் பாருங்கள். 10க்கு 12 அடி அறைக்கு மணிக்குச் சுமார் 136 கன மீட்டராவது தேவை.

காற்று நேராகக் கூண்டில் அடிக்காதபடி வையுங்கள். முன் ஃபில்டரை வாரம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். கூண்டைக் கழுவும் வேலை மட்டும் எப்போதும் உங்களுடையதுதான்!