காவேரி என்னும் போர்க்கப்பல்

"காவேரி என்று ஒரு யுத்தக் கப்பல் இருந்ததாமே, ஸார், மெய்தானா?" என்று குடவாசலில் நமது வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். மெய்தான். வாய்க்கால் தலைப்பில் வந்து சேரும் நீரையே காவேரியென்று அறிந்த நமக்கு, அந்தப் பெயர் சமுத்திரம் ஏறிய வரலாறு விசித்திரமாகவே தோன்றும்.

1943-ம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளைடு நதிக்கரையில் அக்கப்பல் நீரில் இறக்கப்பட்டது. 'பிளாக் ஸ்வான்', அதாவது கருப்பு அன்னம் என்னும் இனத்தைச் சேர்ந்த ஸ்லூப் அது. நீளம் சுமார் 300 அடி. பாரம் 1,350 டன். நான்கு அங்குலப் பீரங்கிகள் ஆறு. இத்தகைய சிறு கப்பல்களின் தொழில் பெரும் போர் புரிவதன்று. சரக்குக் கப்பல்களின் கூட்டத்தோடு கூடவே சென்று, நீர்மூழ்கிகளிடமிருந்து அவற்றைக் காப்பதாகும்.

அது எவ்வாறெனில், கப்பலின் அடியிலிருந்து நீருக்குள் ஒலியை விடுவார்கள். அவ்வொலி நீர்மூழ்கியில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு அதன் தூரத்தை அறிவார்கள். ஆனால் மிகவும் நெருங்கியதும் எதிரொலி மறைந்துவிடும். நீர்மூழ்கியும் அந்தச் சமயம் பார்த்து விலகித் தப்பும். இதற்கு மாற்றாக, ஒரு கப்பல் தொலைவில் நின்று எதிரொலியைப் பிடித்துக்கொண்டு வழி சொல்ல, மற்றொன்று ஓசையின்றி மெல்ல ஊர்ந்து சென்று குண்டுகளைப் போட்டது. அட்லாண்டிக்கில் வாக்கர் என்ற தளபதி இம்முறையைக் கையாண்டார். 1944-ம் வருஷத் தொடக்கத்தில் அவருடைய ஸ்லூப்கள் ஒரே பயணத்தில் ஆறு நீர்மூழ்கிகளை அழித்தன.

இந்தியக் கடற்படைக்கு இவ்வினத்தில் ஆறு கப்பல்கள் கிடைத்தன: ஸட்லெஜ், ஜமுனா, நர்மதா, கோதாவரி, காவேரி, கிருஷ்ணா. கடைசியதை ஆங்கிலேயர் 'கிஸ்ட்னா' என்றே எழுதினர். நம் நதிகளின் பெயரைத் திருத்தமாகச் சொல்லவும் அவர்களுக்குப் பொறுமை இருந்ததில்லை! 1944 ஆகஸ்டில் ஸெஷல்ஸ் தீவுகளருகே ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியை மூழ்கடித்ததில் கோதாவரிக்கும் பங்குண்டு.

நதிகளின் பெயர் நம்முடையது. மாலுமிகளும் பெரும்பாலோர் நம்மவர். கொடி மட்டும் அந்நியருடையது. உணவிலும் சம்பளத்திலும் பாரபட்சம், மேலதிகாரிகளின் ஏச்சு இவற்றைப் பொறுக்கமாட்டாமல் 1946 பிப்ரவரியில் கடற்படையினர் பம்பாயில் வேலை நிறுத்தம் தொடங்கினர். நர்மதாவின் மாலுமிகளும் அதில் சேர்ந்தனர். கராச்சியில் ஹிந்துஸ்தான் என்னும் பழைய ஸ்லூப்பின்மீது பட்டாளத்தார் சுட்டனர். அதிலிருந்தோரும் திருப்பிச் சுட்டனர். யுத்தத்தில் அவர்களை வீரர்களென்று புகழ்ந்த சர்க்காரே இப்போது கலகக்காரர் என்றது.

அடுத்த வருஷமே தேசம் பிரிந்தபோது கப்பல்களும் பிரிந்தன. தென்னாட்டு நதியான கோதாவரி பாகிஸ்தானுக்குப் போய் 'சிந்து' ஆயிற்று; பஞ்சாபின் ஸட்லெஜ் நம்மிடம் தங்கிற்று. பங்கு பிரித்தவர்கள் பூகோளம் படிக்கவில்லை போலும். ஸட்லெஜும் ஜமுனாவும் பின்னர் கடலின் ஆழமளந்து படமெழுதும் பணியை ஏற்றன.

காவேரியோ 1961 டிசம்பரில் கோவா விடுதலைக்குச் சென்ற கப்பல்களுள் ஒன்றாயிற்று. கிளைடில் பிறந்து அந்நியக் கொடியின் கீழ்ப் புறப்பட்ட அதே கப்பல், அன்று மூவர்ணக் கொடியுடன் சென்றது. கடலோடப் பழகும் இளைஞர்களுக்குப் பயிற்சிக் கப்பலாகவும் உழைத்து, 1970-களில் பணியிலிருந்து விலகிற்று.

இவ்வளவும் கேட்டபின், "நம் ஊர்க்காரர் யாராவது அதில் இருந்தார்களா, ஸார்?" என்றான் அம்மாணவன். தஞ்சை ஜில்லாவில் வயதான மாலுமிகளின் வீடுகளில் விசாரித்து வரும்படி அனுப்பியிருக்கிறோம்.