உங்களுக்குத் தெரியுமா? சேற்று நண்டின் ஆள்மாறாட்டம்

இந்தியாவில் பல ஆண்டுகளாக ‘சில்லா செராட்டா’ என்ற அறிவியல் பெயரில் எழுதப்பட்டுவந்த சிறிய சேற்று நண்டு, செராட்டாவே அல்ல! அது சில்லா ஒலிவேசியா. அசல் செராட்டாவோ ‘சில்லா டிராங்கிபாரிக்கா’ என்ற பெயரில் உலவிக்கொண்டிருந்தது. மரபணுச் சோதனைதான் குட்டை உடைத்தது.

• அடையாளம் காண உங்களுக்கு ஆய்வகம் வேண்டாம். இரு கண்களுக்கும் நடுவே ஓட்டின் விளிம்பைப் பாருங்கள். நான்கு முட்களும் உயரமாக நீட்டிக்கொண்டிருந்தால் செராட்டா. தணிந்து, மழுங்கி, அலைபோல வளைந்திருந்தால் ஒலிவேசியா.

• சந்தேகம் தீரவில்லையா? கொடுக்கை ஒட்டி, நம் மணிக்கட்டு போல ஒரு கணு இருக்கும். அதன் வெளிப்புறத்தில் செராட்டாவுக்கு இரண்டு கூர்முட்கள். ஒலிவேசியாவுக்கு ஒரே ஒரு மொட்டை முள். பல நண்டுகளில் அதுவும் இராது.

• செராட்டாவின் எல்லாக் கால்களிலும் பலகோண வலைக்கோலம் தெரியும். ஒலிவேசியாவில் அந்தக் கோலம் இல்லை.

• நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். வாழும் இடத்துக்கு ஏற்ப அது மாறும்.

• சேற்று நண்டுகள் நான்கு இனங்கள் என்று கீனன், டேவி, மான் ஆகிய ஆய்வாளர்கள் மூவர் வரையறுத்தது 1998இல்தான். அந்த நான்கில் ஒன்றான டிராங்கிபாரிக்காவுக்கு 1798இல் விலங்கியலாளர் ஃபாப்ரிசியஸ் சூட்டிய பெயர், நம் தரங்கம்பாடியின் பெயர்!

• செராட்டா 2 கிலோவையும் தாண்டி வளரும். ஒலிவேசியா அந்த அளவை எட்டாது. வளர்ப்புக்கு நண்டு வாங்குகிறவர்கள் முள்ளைப் பார்த்து வாங்குங்கள்.