மலையேற்றமும் பெட்ரோல் பம்பும்

ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாகவும், போளூரிலிருந்து மறுபுறமாகவும் ஜமுனாமரத்தூரை நோக்கி ஏறும் ஜவ்வாது மலைச் சாலைகளைப் போன்ற ஏற்றங்களில், சித்திரை மாதத்து உச்சிவெயிலில் பெட்ரோல் அம்பாசிடரையோ பிரீமியர் பத்மினியையோ ஓட்டிப் பழகிய பழைய டிரைவர்களுக்கு, ஈரத்துணி ஒன்றைக் கைவசம் வைத்திருப்பதன் அவசியம் நன்றாகத் தெரியும். பாதி ஏற்றத்தில் என்ஜின் திணறி நின்றுவிட்டால், அவர்கள் பதற்றமின்றி பானெட்டைத் தூக்கி, என்ஜினின் பக்கவாட்டில் பொருத்தப்பட்டிருக்கும் பெட்ரோல் பம்பின்மேல் அந்தத் துணியை நனைத்துச் சுற்றுவார்கள். சற்று நேரத்தில் வண்டி, எந்தப் பாகமும் மாற்றப்படாமலே, மறுபடியும் புறப்பட்டுவிடும். இந்தச் சிறு சிகிச்சைக்குள் அடங்கியிருக்கும் பௌதிக தத்துவத்தை அறிந்துகொண்டால், இன்றைய காரில் அந்தப் பம்ப் எங்கே போயிற்று, ஏன் போயிற்று, அதை வீட்டிலேயே மாற்ற முனைகிறவர் எதற்கு அஞ்ச வேண்டும் என்பதெல்லாம் தாமாகவே விளங்கும்.

பழைய பம்பின் உள்ளே இருந்தது ஒரு ரப்பர் ஜவ்வும், ஒரு சுருள்வில்லும், இரண்டு வால்வுகளுமே. என்ஜின் சுழலும்போது ஒரு நெம்புகோல் அந்த ஜவ்வை இழுத்து விட, கொல்லனின் துருத்தியைப் போல அது பின்புறத்து டாங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி கார்புரேட்டருக்குத் தள்ளியது. உறிஞ்சுவதென்றால் குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைப்பது என்றே பொருள். அழுத்தம் குறைந்தால் எந்தத் திரவமும் குறைந்த உஷ்ணத்திலேயே கொதிக்கும். பெட்ரோலோ பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றுள் மிக லேசானவை சாதாரண அழுத்தத்திலேயே 40 டிகிரி செல்சியஸுக்குள் கொதிக்கத் தொடங்கிவிடும். முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் மெதுவாக ஏறும் வண்டியின் என்ஜின் அனலாகக் கொதிக்கிறது. அதைக் குளிரச் செய்யும் எதிர்க்காற்றும் போதுமானதாக இல்லை. 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியைக் கொண்ட வைணு பாப்பு வானாய்வகம் அமைந்த காவலூர், கடல்மட்டத்துக்கு மேல் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ 8 சதவீதம் குறைவு. இவை யாவும் ஒருங்கே சேரும்போது பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிட, அந்த ஆவியை உந்தும் திறனற்ற பம்ப் வீணே அசைந்துகொண்டிருக்கும். ஈரத்துணி செய்ததெல்லாம், ஆவியை மீண்டும் திரவமாக்கியதுதான்.

இந்த இடரை வேரோடு நீக்கும் வழி, பம்பை இடம் மாற்றுவது. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் பெருவாரியாகப் பரவிய இன்ஜெக்டர் கார்களில், மின்மோட்டாரால் இயங்கும் பம்ப் டாங்கினுள்ளே பெட்ரோலில் மூழ்கியே இருக்கிறது. அது தொலைவிலிருந்து உறிஞ்சுவதில்லை. வளிமண்டல அழுத்தத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறையாத அழுத்தத்தில் முன்னோக்கித் தள்ளுகிறது. அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும்; ஆகவே ஆவியடைப்பு அபூர்வமாயிற்று. மோட்டாரின் பிரஷ்களில் பொறி எழுந்தாலும், சுற்றிலும் பெட்ரோலே நிரம்பி எரிவதற்கு வேண்டிய பிராணவாயு இல்லாமையால், தீப்பற்றுவதில்லை. அந்தப் பெட்ரோலே மோட்டாரைக் குளிர்வித்தும், மசகிட்டும் காப்பாற்றுகிறது. ரிசர்விலேயே வண்டியை ஓட்டும் வழக்கம் பம்பின் ஆயுளைக் குறைப்பதும் இதனால்தான். ஏற்றத்தில் இருக்கிற கொஞ்சப் பெட்ரோலும் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட, பம்ப் வறண்டு சுழன்று சூடேறுகிறது.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் பம்பைக் குற்றவாளியாக்குவது நியாயமன்று. சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டின் அடியிலிருந்து இரண்டு மூன்று விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்கவில்லையானால் முதலில் பியூஸ், அடுத்து ரிலே, பிறகு பம்பின் கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா என்பது, எர்த் இணைப்பு சரியா என்பது, இவற்றை வரிசையாகப் பரிசோதிக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காக இருந்தும் பம்ப் மௌனமாக இருந்தால்தான் அதை மாற்ற வேண்டும். ரீங்காரம் கேட்டும் ஏற்றத்தில் மட்டும் இழுவை குறைகிறதென்றால், ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பது உத்தமம்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையோடு படர்ந்து, மூலையில் தேங்கும். காற்றில் சுமார் ஒன்றரை சதவீதம் கலந்தாலே அது பற்றிக்கொள்ளும். ஆதலால் மாற்றும் வேலையைத் திறந்த வெளியில், அடுப்பும் விளக்கும் பீடியும் அண்டாத இடத்தில், தீயணைப்பானை அருகில் வைத்துக்கொண்டே செய்ய வேண்டும். டாங்க் நிரம்பியிருக்கக் கூடாது. பம்பின் பியூஸை எடுத்துவிட்டு என்ஜினை ஓடவிட்டால், அது தானே அணைவதற்குள் குழாயில் தேங்கிய அழுத்தம் இறங்கிவிடும். அதன் பின்னரே பேட்டரியின் நெகடிவ் இணைப்பைக் கழற்ற வேண்டும். சீட்டைத் தூக்கியதும் மூடியைச் சுற்றிப் படிந்திருக்கும் செம்மண் தூசியைத் துடைக்காமல் திறந்தால், அத்தனையும் டாங்கில் விழும். பழைய ரப்பர் வளையத்தை மறுபடி உபயோகிக்கலாகாது. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுவதால், அதைத் தாங்கும் வளையத்தையே வாங்க வேண்டும். மாற்றியபின், என்ஜினை இயக்காமல் சாவியை இரண்டு மூன்று முறை ஆன் செய்து, கசிவில்லை என்று நிச்சயித்த பிறகே சீட்டை மூட வேண்டும்.

சீட்டின் அடியில் வழியில்லாமல் டாங்கையே இறக்க வேண்டிய வண்டியானால், அதை வீட்டில் தொடாமல் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே விவேகம். எந்த வண்டியானாலும், மலையேறுமுன் போளூரிலோ ஆலங்காயத்திலோ பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். கால் டாங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். பம்பை மாற்றும் வித்தையைக் கற்பதைக் காட்டிலும் அதை மாற்ற நேராமல் காப்பது எளிது. அதற்கு ஆகும் செலவும் ஒன்றுமில்லை.