வீட்டிலே முட்டைக்கோழி வளர்த்தல்

நெல்லும் மரக்கறியும் செய்கைபண்ணும் கமக்காரரின் வளவிற்குக் கோழி வளர்ப்பு மிகப் பொருத்தமான உபதொழிலாகும். உமி, தவிடு, குறுநெல், கழித்த கீரை ஆகியன அங்கேயே கிடைக்கின்றன. கோழியெருவும் மீண்டும் தோட்டத்திற்கே பயன்படுகின்றது. எனினும், யாவும் வீட்டிலுண்டு என்னும் எண்ணத்தினாலேயே புதிதாகத் தொடங்குவோர் பலர் நட்டமடைகின்றனர்.

தொடக்கத்தில் ஆறு முதல் பத்துப் பேடுகள் போதும். ஒருநாட் குஞ்சுகளைச் சூடூட்டி வளர்ப்பதற்கு அனுபவம் வேண்டும். ஆகையால், 16 வார வயதளவிலுள்ள, தடுப்பூசி ஏற்றப்பட்ட பேடுகளை வாங்குதல் நன்று. இவை 18 முதல் 22 வாரங்களில் முட்டையிடத் தொடங்கும். முட்டைக்கென விருத்திசெய்யப்பட்ட கலப்பினப் பேடு, தக்க உணவும் காப்பும் பெறின், முதலாண்டில் 250 முட்டைகளுக்கு மேல் இடவல்லது. சேவலின்றிப் பேடு முட்டையிடாது என்பது தவறு. அடைவைக்கும் முட்டைக்கே சேவல் வேண்டும். கருக்கட்டாத முட்டை கூடிய நாள் பழுதடையாதிருக்கும்.

கூடு மேட்டு நிலத்தில், காற்றோட்டமாக, மழைச்சாரல் புகாதவாறு அமைதல் வேண்டும். முழுநேரமும் அடைத்து வளர்ப்பதாயின் பேடொன்றுக்கு 3 சதுர அடி இடங்கொடுத்தல் நன்று. தரையில் 4 முதல் 6 அங்குலத் தடிப்பிற்கு உமி பரப்பி, வாரந்தோறும் கிளறிவிடுக. கண்ணைக் கரிக்கும் நெடி எழுமாயின் உமி ஈரமாகிவிட்டதென அறியலாம். ஈரமான பகுதியை உடனே அகற்றுதல் வேண்டும். கீரியும் மரநாயும் நுழையாதபடி சிறுகண் வலையடித்தல் அவசியம்.

உணவிலேயே பெரும்பாலானோர் தவறுகின்றனர். பேடொன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 110 கிராம் உணவு உண்ணும். அதற்குத் தவிடும் நெல்லும் மாத்திரமே கொடுத்தால் வயிறு நிரம்பும், முட்டை கிடையாது. ஒரு முட்டையோட்டிலே ஏறத்தாழ 2 கிராம் கல்சியம் உண்டு. தவிட்டிலும் தானியத்திலும் அது மிகக் குறைவு. உணவிற் கிடைக்காத கல்சியத்தைப் பேடு தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். முதலில் மெல்லோட்டு முட்டைகள் தோன்றும். பின்னர் கால் தளரும். இறுதியில் முட்டையிடுதலே நின்றுபோம். ஆகவே, முட்டைக்கோழிக்கென விற்கப்படும் கலப்புணவையே பிரதான உணவாகக் கொடுத்து, சிப்பித்தூளைத் தனிச் சிரட்டையில் எப்பொழுதும் வைத்தல் வேண்டும். இறைச்சிக்கோழித் தீன் இதற்கு ஈடாகாது. கீரையும் சிறிதளவு தானியமும் மேலதிகமாகக் கொடுக்கலாம். பூஞ்சணம் பிடித்த சோளத்தையும் பிண்ணாக்கையும், எவ்வளவு மலிவாயினும், வாங்கலாகாது, அவை நஞ்சாகும். தண்ணீரை நிழலில் வைக்குக. வெப்பமான நாளொன்றில் தண்ணீரின்றிப் போயின், முட்டை பல நாட்களுக்குக் குறையக்கூடும்.

நோய்களுள் மிகக் கொடியது நியூக்காசில் நோய், அதாவது இராணிக்கெட் நோய். மூச்சுத் திணறல், பச்சை நிறக் கழிச்சல், கழுத்துத் திருகுதல் என்பன இதன் அறிகுறிகள். நோய் கண்டபின் மருந்தில்லை. சில நாட்களில் கூடே வெறுமையாகிவிடும். தடுப்பூசியே ஒரே காப்பு. அதனை ஏற்றும் காலங்களை அண்மையிலுள்ள அரச மிருக வைத்தியரிடம் கேட்டறிந்து தவறாது பின்பற்றுக. புதிதாக வாங்கிய கோழியை மூன்று வாரம் வேறாக வைத்த பின்னரே ஏனையவற்றுடன் சேர்த்தல் வேண்டும். நோயுற்ற கோழியை மலிவாக விற்றுவிடுதல் அயலவரின் கூட்டிற்கும் அந்நோயைக் கொண்டுசெல்வதாகும். இறந்தவற்றை ஆழப் புதைத்திடுக, வாய்க்காலில் எறியலாகாது.

பூச்சிநாசினி தெளித்த பாத்திகளிலும், மருந்திட்ட விதைநெல் காயவைத்த இடத்திலும் கோழிகளை விடுதல் ஆபத்தானது. புதிய கோழியெரு பயிரை எரித்துவிடும். அதனை உமியுடன் மக்கவைத்தே இடுதல் வேண்டும். பச்சையாக உண்ணப்படும் வல்லாரை, சலாது ஆகியவற்றிற்குப் புதிய எருவை ஒருபோதும் இடலாகாது.

முட்டை குறையுமிடத்து, எப்பேடு இடுகின்றது, எப்பேடு சும்மா தின்கின்றது என்பதைக் கையினாலேயே அறியலாம். இரவில் கோழியைப் பிடித்து, எச்சத்துவாரத்தின் இருபுறமுமுள்ள கூரெலும்புகளுக்கிடையே விரல்களை வைத்துப் பார்க்குக. இரண்டு, மூன்று விரல்கள் கொள்ளுமாயின் அது முட்டையிடும் பேடு. ஒரு விரலுக்கே இடமிருந்து, கொண்டையும் வெளிறிச் சுருங்கியிருப்பின், அது முட்டையிடவில்லை. இறகுதிர்க்குங் காலத்திலும் இவ்வாறிருக்குமாதலால், அக்காலத்தில் மாத்திரம் கழிக்காது பொறுத்திருத்தல் வேண்டும்.