சென்னைக் கைக்குட்டையும் ஆப்பிரிக்கச் சந்தையும்

நான் வாழும் ஆவடியில் 1961ஆம் ஆண்டு முதல் படைவீரர்க்கு உடை தைக்கும் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. அங்கே உடுப்பவர் விருப்பத்துக்கு இடமில்லை. எல்லாம் ஒரே நிறம், ஒரே தையல். இன்று நான் சொல்லப் போகும் துணியோ, வாங்குவோரின் கண்ணுக்கும் கைக்கும் மூக்குக்கும் அஞ்சி நெய்யப்பட்டது. பிறந்த இடம் இதே சென்னைச் சீமை. விலைபோன இடம் மேற்கு ஆப்பிரிக்கச் சந்தை.

'மெட்ராஸ் கைக்குட்டை' என்பது அதன் வாணிகப் பெயர். சட்டைப் பையில் மடித்து வைக்கும் சிறு துண்டென்று எண்ணிவிடாதீர்கள். சாயமேற்றிய நூலால் கட்டமிட்டு, கெஜச் சதுரங்களாக எட்டுக் கெஜம் ஒரே நீளமாய் நெய்த பருத்தித் துணி அது. சென்னையைச் சூழ்ந்த ஊர்களிலும் ஆந்திரத்துச் சீராலாவிலும் நெய்தனர்.

நைஜீரியாவின் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இதனை 'இஞ்சிரி' என்பர். இக்போ மக்களிடம் 'ஜார்ஜ்' என்றொரு துணி உண்டு. நம் புனித ஜார்ஜ் கோட்டையே அப்பெயருக்குக் காரணம் என்பர். ஐரோப்பிய ஆலைகள் மலிவான போலிகளை அனுப்பியபோதும் கலபாரிப் பெண்கள் எளிதில் ஏமாறவில்லை. கட்டத்தின் ஒழுங்கைப் பார்த்து, துணியைத் தடவி, சாயத்தின் மணத்தை முகர்ந்து, அதன்பின்னரே அசலென ஏற்றனர். சந்தையில் துணி வாங்குவதும் ஒரு கல்விதானே!

இந்த வாணிகத்தின் பழைய கணக்கேட்டில் நாம் கூசும் பக்கமும் உண்டு. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கப்பல்கள் இந்தியப் பருத்தித் துணிகளை ஆப்பிரிக்கக் கரையில் இறக்கி, அவற்றைக் கொடுத்து மனிதரை வாங்கின. யாருக்காக நெய்கிறோம் என்பதை அறியாத தறிக்காரரின் உழைப்பு அப்படியும் பயன்பட்டது. பிரிட்டன் 1807இல் அடிமை வாணிகத்தைத் தடை செய்தது. துணி வாணிகம் மட்டும் தொடர்ந்தது.

வாங்கிய துணியைக் கலபாரிப் பெண்கள் அப்படியே விட்டுவிடுவதுமில்லை. ஊசிமுனையால் வெளிர்நிற இழையொன்றைத் தூக்கி, கூரிய கத்தியால் அறுத்து, மெல்ல உருவி எடுக்கின்றனர். இழைகள் நீங்க நீங்க, கட்டங்களுக்கிடையே புதிய உருவங்கள் தோன்றும். துணியும் வலைபோல் மெல்லியதாகும். 'பெலெத்தே பித்தே' என வழங்கும் இக்கைவினையை ஜோன் ஐக்கர், தொன்யே எரெக்கோசிமா என்னும் ஆய்வாளர் இருவர் 1981இல் விரிவாக எழுதினர். பாடுபட்டு நெய்த இழையை அறுப்பதா என்று நம் மனம் முதலில் துணுக்குறலாம். எனக்கு அது அதே துணியின் மேல் நிகழும் இரண்டாவது நெசவாகவே தோன்றுகிறது.

அங்கே முதியவர் ஒருவர் இறந்தால், குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் பெட்டியில் சேர்த்த துணிகளை எடுத்துக் கட்டிலை அலங்கரிப்பர். மடிப்பு மடிப்பாக அங்கே அடுக்கப்படுவனவற்றுள் இஞ்சிரியும் இருக்கும்.