மணிமுத்தாற்றங்கரையில் ஒரு பழங்கடல்: ஃபோராம் பார்க்க வாங்க!

கள்ளக்குறிச்சியின் கல்வராயன் மலையில் ஃபோராம் என்கிற நுண் புதைபடிவம் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மலை சார்னோக்கைட், நைஸ் என்று பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை. வயது சுமார் 250 கோடி ஆண்டு. அதை உடைத்து எவ்வளவு தேடினாலும் ஒரு சிப்பித் துணுக்குகூட அகப்படாது. ஆனால் அந்த மலையில் பெய்கிற மழை ஓடுகிற வழி இருக்கிறதே, அதில்தான் இருக்கிறது விஷயம்! மணிமுக்தா அணையைத் தாண்டி, கோமுகி ஆற்றையும் சேர்த்துக்கொண்டு, அந்தத் தண்ணீர் மணிமுத்தாறாக விருத்தாசலம் போகிறது. அங்கே, நெல்லும் கரும்பும் விளைகிற சமவெளியில், மண்ணுக்கு அடியில் கிரெடேசியஸ் காலத்துக் கடல் படிந்து கிடக்கிறது. டைனோசர்கள் நடமாடிய கடைசிக் காலத்துக் கடல். கள்ளக்குறிச்சியில் காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அதன் கரைக்குப் போய்விடலாம்.

இது உலகத்துக்குத் தெரிந்து நெடுநாளாயிற்று. கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களில் பொறுக்கிய சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் 1846-ல் லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் விவரித்தார். அப்புறம் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட், இருபதுகளில் இருந்த இளைஞர், தென்னார்க்காடு, திருச்சி ஜில்லாக்களை அளந்து 1862-ல் பெரிய அறிக்கை வெளியிட்டார். கள்ளக்குறிச்சி அன்றைக்குத் தென்னார்க்காட்டைச் சேர்ந்ததுதான். உட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று அவர் அந்தப் பாறைகளை மூன்றாகப் பிரித்த பெயர்கள் இன்றும் புழங்குகின்றன.

அவர்கள் தேடியது கைக்கு அகப்படுகிற புதைபடிவங்களை. நான் காட்டப்போவது கண்ணுக்கே அகப்படாதவற்றை. ஃபொராமினிஃபெரா, ஆய்வுக்கூடத்தில் செல்லமாக ஃபோராம். ஒரே ஒரு செல் கொண்ட உயிர், தனக்குத் தானே, பெரும்பாலும் சுண்ணாம்பில், அறை அறையாக வீடு கட்டிக்கொள்கிறது. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. 1826-ல் இவற்றை முறையாக வகைப்படுத்திய பிரெஞ்சுக்காரர் அல்சீட் தோர்பிஞி, ஓட்டின் அழகில் மயங்கி, இவை குட்டிக் கணவாய் இனம் என்றே நினைத்தார்! இல்லை, இது ஒற்றைச் செல் உயிர் என்று 1835-ல் துஜார்தான் என்பவர் காட்டினார். தோர்பிஞி அப்படி நினைத்ததில் வியப்பே இல்லை. இவ்வளவு நுணுக்கமான வேலையை ஒரு செல் செய்யும் என்று யார் நம்புவார்?

சரி, ஆய்வுக்கூடத்துக்குள் வாங்க. பாறையை வேர்க்கடலை அளவுக்கு உடைத்தாயிற்று. களிப்பாறை என்றால் சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைப்பார்கள், அல்லது நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறப்போடுவார்கள். அமிலம் மட்டும் பக்கத்தில் வரக்கூடாது, ஓடு கரைந்துபோகும். பாறை குழைந்ததும் 63 மைக்ரான் சல்லடையில் கொட்டிக் குழாய்த் தண்ணீரில் அலசுவார்கள். களி போய்விடும், மணல் மாதிரி கொஞ்சம் தங்கும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம். ஒவ்வொரு மாதிரியை அலசி முடித்ததும் சல்லடையை மெத்திலீன் நீலத்தில் முக்கி எடுக்கிறார்கள். ஏன்? கண்ணியில் ஏதாவது ஒரு ஃபோராம் சிக்கி நின்றிருந்தால் அது நீலமாகிவிடும். அடுத்த மாதிரியில் நீல ஓடு தென்பட்டால், அது முந்தைய பாறையிலிருந்து வந்த திருட்டு விருந்தாளி என்று உடனே தெரிந்துவிடும். ஒரு தூசுகூட இடம் மாறக்கூடாது, மாறினால் ஒரு கடலின் வயதே மாறிப்போகும்.

காய்ந்த மணலைக் கட்டம் போட்ட கருப்புத் தட்டில் மெல்லிசாகத் தூவி, ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைக்கிறார்கள். கையில் மூன்று சைபர் பிரஷ். நுனியைத் தண்ணீரில் லேசாக நனைத்து ஓட்டைத் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பசை தடவிய ஸ்லைடில் அதற்கான கட்டத்தில் இறக்கிவிட வேண்டும். கேட்க எளிது. பெருமூச்சு விட்டால் போச்சு, ஆறு கோடி வருஷம் பறந்துவிடும்!

இனி அடையாளம் காணும் படலம். முதல் கேள்வி, சுவர் எதனால் ஆனது? மணல் துகளை ஒட்டிக் கட்டியதா, பீங்கான் போல் மழமழப்பா, கண்ணாடி போல் ஊடுருவித் தெரிகிறதா? அடுத்து, அறைகள் எப்படி அடுக்கியிருக்கின்றன? ஒரே வரிசையில் நின்றால் நோடோசாரியா பக்கம் போகலாம். ஜடைபின்னல் போல் இரண்டு வரிசை என்றால் ஹெட்டரோஹெலிக்ஸாக இருக்கலாம். சுருண்டிருந்தால் கதை நீளும். புரட்டிப் பார்க்க வேண்டும். முதுகுப் பக்கம், தொப்புள் பக்கம், விளிம்பு என்று மூன்று கோணமும் பார்க்காமல் பெயர் சொல்கிறவரை யாரும் நம்புவதில்லை.

"சார், இது குளோபோட்ரங்கானாதானே?"

"அவசரப்படாதம்மா. ஓரத்தைத் திருப்பு. கீல் எத்தனை?"

"ஒண்ணு... இல்ல சார், ரெண்டு! முத்து முத்தா இருக்கு!"

"ரெண்டுன்னா சரி. ஒண்ணுதான்னா குளோபோட்ரங்கானிட்டாவான்னு யோசிக்கணும்."

கீல் என்பது ஓட்டின் விளிம்பைச் சுற்றி எழும்பி நிற்கிற மேடு. குளோபோட்ரங்கானாவில் இரண்டு கீல்களும் மணி கோத்தது போல் ஓடும், நடுவே ஒரு பட்டை. அரை மில்லிமீட்டர் பொருளில் இந்தப் பட்டை அகலமா, குறுகலா என்பதில் பேரினமே மாறிவிடும். இரண்டு கீலும் நன்றாக விலகி நின்று, சில அடையாளங்களும் கூடிவந்தால் அபாதோம்ஃபாலஸ் மயாரோயென்சிஸ். 1951-ல் போலி என்ற சுவிஸ் ஆய்வாளர் டிரினிடாட் தீவின் பாறையிலிருந்து விவரித்த இனம் அது. கிரெடேசியஸின் கடைசிக் காலகட்டத்துக்கு அதுதான் அடையாள அட்டை. கடலில் மிதந்து திரிந்ததால், டிரினிடாட்டில் கிடைப்பது புதுச்சேரியிலும் கிடைக்கிறது. உலகின் இரண்டு மூலைகளை ஒரே வயதில் கட்டிப்போட இதைவிட நல்ல சாட்சி இல்லை என்பேன். 6.6 கோடி ஆண்டுக்கு முன் விண்கல் விழுந்த காலத்தோடு குளோபோட்ரங்கானாக் கூட்டமே பூண்டோடு அழிந்தது. அதற்கு மேலே உள்ள அடுக்கில் கீல் இல்லாத குட்டி உருண்டைகள்தான், தப்பிப் பிழைத்தவற்றின் வாரிசுகள்.

இப்படி அடையாளம் காணும் கண் நம் ஊர்ப் பாறைகளில் பழகிய கண்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ரஷீத் 1960களில் டால்மியாபுரம் சுண்ணாம்புக்கல்லின் ஃபோராம்களை விவரித்தார். அவரும் கோவிந்தன் என்ற ஆய்வாளரும் விருத்தாசலம் பாறைகளையும் பார்த்தார்கள். புதுச்சேரியின் மிதவை ஃபோராம்களைப் பற்றி கோவிந்தன் 1972-ல் எழுதினார். சுண்ணாம்புக்கல் கெட்டியாக இருந்தால் சல்லடை உதவாது. 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, ஒளி ஊடுருவும் தகடாக்கி, குறுக்கே வெட்டுப்பட்ட உருவத்தை வைத்து முழு ஓட்டைக் கற்பனை செய்ய வேண்டும். வெட்டு கோணலாக விழுந்தால் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் பெயர் கிடைக்காது.

காவிரிப் படுகையில் எண்ணெய்க் கிணறு தோண்டும்போதும் வயது சொல்வது இந்தத் தூசுகள்தான். அங்கே ஒரு வேடிக்கை: துளையின் சுவரிலிருந்து மேலடுக்குத் துண்டுகள் உதிர்ந்து கீழே விழும். இளைய ஃபோராம் முதிய அடுக்கில் கலந்துவிடும், முதியது மேலே ஏறி வருவதோ நடக்காது. ஆகவே, மேலிருந்து இறங்கும்போது ஓர் இனம் முதன்முதலில் எந்த ஆழத்தில் தலைகாட்டுகிறது என்பதைத்தான் நம்புவார்கள். அதுதான் அந்த இனம் மறைந்த காலம்.

மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கிறது. அங்கே முகத்துவாரச் சேற்றில் அம்மோனியா பேரினம் போன்ற ஃபோராம்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன! ரோஸ் பெங்கால் சாயம் போட்டால், எடுக்கும்போது உயிரோடு இருந்தவை இளஞ்சிவப்பாகும். வால்டன் என்பவர் 1952-ல் காட்டிய வழி இது. ஆக, மேலே ஃபோராமே இல்லாத மலை, நடுவே கல்லாகிப்போன ஃபோராம், முடிவில் உயிருள்ள ஃபோராம். மூன்றையும் ஒரே ஆற்று நீர் தொட்டுக்கொண்டு போகிறது. கள்ளக்குறிச்சிக் கல்லூரிகள் மாணவர்களை இந்த வழியில் ஒருமுறை அழைத்துப் போனால் என்ன? அரியலூர் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் இருக்கிறது.

விருத்தாசலம் வட்டாரத்தில் கிணறு வெட்டுகிறவர்களுக்கும் போர் போடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிப்பித் துணுக்கோடு வெளுத்த களியோ சுண்ணாம்புக்கல்லோ வந்தால் வரப்பில் கொட்டிவிடாதீர்கள். இரண்டு கைப்பிடி எடுத்துப் பையில் கட்டி, எத்தனை அடியில் வந்தது என்று எழுதி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலோ புவியியல் துறையில் கொடுங்கள். அடிக்கணக்கை எழுத மறக்காதீர்கள். ஆழம் தெரியாத மண்ணை வைத்து எந்த ஃபோராமும் பேசாது.